சோலையும் சீகையும்: மலைக்காட்டின் நீரும் கரியும்

தமிழ்ச் சொற்கள் சில கடல் கடந்து சென்று ஆங்கில அகராதிகளில் இடம் பெற்றமையை வகுப்பறையில் நாம் பெருமையுடன் எடுத்துரைப்பது வழக்கம். கட்டுமரம், சுருட்டு, மிளகுத்தண்ணீர் எனப் பட்டியல் நீளும். அப்பட்டியலில் சேர்க்க நாம் மறந்துவிடும் சொல் ஒன்று உண்டு. அது 'சோலை'. நீலகிரி, பழனிமலை, ஆனைமலை ஆகியவற்றின் உயரமான பகுதிகளில், மலை மடிப்புகளுக்குள் ஒடுங்கி வளரும் என்றும் பசுமையான காட்டினைக் குறிக்க உலகத் தாவரவியலார் 'ஷோலா' என்னும் சொல்லையே ஆள்கின்றனர். நம் இலக்கியத்தில் சோலை என்பது பொழில், கா, தண்டலை என்பவற்றோடு ஒருங்கே வைத்து எண்ணத்தக்க பொதுச் சொல். அறிவியலார் கொண்ட பொருள் அதனினும் குறுகியது, ஆயினும் துல்லியமானது. ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்திற்கு மேல், புல்வெளிகளுக்கு இடையே தீவு தீவாக நிற்கும் மழைக்காடு என்பதே அப்பொருள்.

தோலும் பாலாறும் பேசப்படும் ஊரில் இருந்துகொண்டு சோலையைப் பற்றி எழுதுவானேன் என்று வினவுவோர் இருக்கலாம். சில ஆண்டுகளுக்கு முன்னர் மாணவர்களுடன் உதகைக்குக் கல்விச் சுற்றுலா சென்றிருந்தேன். வழியில் அடர்ந்து கிடந்த மரக்கூட்டம் ஒன்றைக் கண்டு, "இதுதான் சோலை" என்று மாணவர்களிடம் கூறிவிட்டேன். உடன் வந்த வனக்காவலர், ஓய்வு பெறும் வயதை எட்டியவர், சற்றுத் தயங்கிப் பின் சொன்னார்: "சார், இது சோலை இல்லீங்க. சீகை. பட்டைக்காக நட்டதுங்க. உங்க ஊருப் பக்கந்தான் லாரி லாரியாப் போச்சு."

நீலகிரி மக்கள் சீகை என்று வழங்கும் அம்மரத்தின் ஆங்கிலப் பெயர் வாட்டில். அப்பெயரைக் கேட்டதும் எனக்கு என் பாட்டனாரின் நினைவு வந்தது. எங்கள் தெருக்கோடியில் இருந்த டேனரி ஒன்றில் அவர் கணக்கெழுதி வந்தார். 'வாட்டில் பட்டை' என்பது அவர் வாயில் நாள்தோறும் புழங்கிய சொல். அது ஒரு மரத்தின் பெயர் என்பதும், அம்மரம் எந்த மலையில் எதன் இடத்தில் நிற்கிறது என்பதும் எனக்கு அன்றுதான் தெரிய வந்தன. அக்காவலரின் சொல்லைத் தொடர்ந்து நான் படித்து அறிந்தவற்றையே இக்கட்டுரையில் தொகுத்துரைக்க முற்படுகிறேன்.

நீர் திரும்பும் வழி

பட்டினப்பாலையில் ஓர் உவமை உண்டு. காவிரிப்பூம்பட்டினத்துத் துறைமுகத்தில் கடலிலிருந்து நிலத்திற்கு இறங்கும் பண்டங்களையும் நிலத்திலிருந்து கடலுக்கு ஏறும் பண்டங்களையும் கண்ட கடியலூர் உருத்திரங்கண்ணனார், கடலில் முகந்த நீரை மேகம் மலையில் பொழிவதையும் மலையில் பொழிந்த நீர் மீண்டும் கடலில் சேர்வதையும் அதற்கு ஒப்பிட்டார். இன்று பள்ளிப் பாடநூலில் வட்டம் வரைந்து அம்புக்குறி இட்டுக் காட்டும் நீர்ச்சுழற்சியின் பெரும்பகுதி அவ்வுவமையில் அடங்கிவிடுகிறது.

அதில் அடங்காத பகுதி ஒன்று உண்டு. மலையில் பெய்த மழை அனைத்தும் ஆறாகக் கடலுக்கு ஓடிவிடுவதில்லை. காட்டில் பெய்யும் மழையில் ஒரு பங்கு இலைகளிலேயே தங்கி, வெயில் வந்ததும் ஆவியாகிவிடும். மண்ணுக்குள் இறங்கியதில் ஒரு பங்கை வேர்கள் உறிஞ்சித் தண்டின் நுண்குழாய்கள் வழியே மேலேற்றி, இலைகளின் வழியே காற்றில் விடும். இதனையே நீராவிப்போக்கு என்கிறோம். கடலில் ஒருமுறை முகந்த நீர் கடலுக்குத் திரும்பும் முன்னரே மீண்டும் மேகமாகி, மீண்டும் மழையாகப் பெய்யக் காடு வழி செய்கிறது.

இதனை முதன்முதலில் அளந்து காட்டியவர்களுள் ஒருவர் பிரேசில் நாட்டு அறிவியலார் எனேயாஸ் சலாட்டி. 1970களில் அமேசான் காட்டின் பல இடங்களில் மழைநீரைச் சேகரித்து அவர் ஆராய்ந்தார். நீரிலுள்ள ஆக்சிஜனில் எடை கூடியதும் உண்டு, குறைந்ததும் உண்டு. எடை கூடிய நீர் முந்தி மழையாக விழுந்துவிடும். ஆகவே கடற்கரையிலிருந்து உள்நாடு செல்லச் செல்ல மழைநீரில் எடை கூடிய ஆக்சிஜன் குறைந்துகொண்டே போக வேண்டும். சலாட்டி கண்டதோ எதிர்பார்த்ததைவிட மிகச் சிறிய குறைவே. விழுந்த நீரை மரங்கள் திரும்பவும் வானுக்கு அனுப்புகின்றன என்பதைத் தவிர இதற்கு வேறு விளக்கம் இல்லை. அமேசான் படுகையில் பெய்யும் மழையில் ஏறத்தாழப் பாதி அவ்வாறு காடே திருப்பி அனுப்பிய நீர் என்று அவர் கணித்தார்.

அமேசான் நமக்குத் தொலைவு. மேற்குத் தொடர்ச்சி மலை அண்மையில் இருக்கிறது. மும்பை இந்தியத் தொழில்நுட்பக் கழக ஆய்வாளர்கள் 2018இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தென்மேற்குப் பருவக்காலத்தில் தமிழ்நாட்டில் பெய்யும் மழைக்கான ஈரம் எங்கிருந்து வருகிறது என்று கணக்கிட்டது. கடலுக்கு அடுத்தபடியாக அம்மலைத்தொடரின் காடுகள் அதில் பெரும்பங்கு வகிக்கின்றன என்றும், பருவமழை பொய்த்த ஆண்டுகளில் அப்பங்கு 40 சதவீதம் வரை செல்கிறது என்றும் அவர்கள் கூறினர். வேலூர் வட்டாரம் வடகிழக்குப் பருவமழையை மட்டும் நம்பி வாழும் பகுதியன்று. ஆடி, ஆவணியில் மாலைப்பொழுது இடியுடன் நம் ஊரில் பெய்யும் மழையும் நமக்கு உயிர்நாடியே. அந்த மழையில் எத்துளி அரபிக்கடலினது, எத்துளி ஆனைமலையின் இலையினது என்று நாம் பிரித்தறிய இயலாது. ஆனால் இலையின் பங்கு உண்டு என்பதில் ஐயமில்லை.

ஒரே வாயில்

இனிக் கரியைப் பற்றிக் கூற வேண்டும். நீரையும் கரியையும் இரு பாடங்களாகப் பிரித்துப் படித்துப் பழகிவிட்டோம். இலை அவ்வாறு பிரித்து அறியாது.

இலையின் அடிப்புறத்தில் கண்ணுக்குப் புலப்படாத நுண்ணிய துளைகள் உள்ளன. கரியமில வாயு உள்ளே நுழைவது அவற்றின் வழியேதான். கதிரவனின் ஒளியைக் கொண்டு அவ்வாயுவையும் நீரையும் சேர்த்து இலை சர்க்கரை செய்கிறது. அச்சர்க்கரையே பின்னர் மரமாகவும் பட்டையாகவும் வேராகவும் கனியாகவும் மாறுகிறது. ஈரம் நீங்கிய மரத்தின் எடையில் ஏறத்தாழப் பாதி கரிமம். அது முழுவதும் காற்றிலிருந்து வந்தது. மரம் மண்ணைத் தின்று வளர்கிறது என்று நம்மில் பலர் இன்றும் எண்ணிக்கொண்டிருக்கிறோம். உண்மையில் அது பெரும்பகுதி காற்றைத் தின்றே வளர்கிறது.

கரியமில வாயு உள்ளே வரத் துளை திறந்தாக வேண்டும். திறந்த துளையின் வழியே இலைக்குள் இருக்கும் ஈரம் வெளியேறாமல் இராது. பெரும்பாலான மரங்களில் ஒரு மூலக்கூறு கரியமில வாயு உள்ளே வருவதற்குள் நூற்றுக்கணக்கான நீர் மூலக்கூறுகள் வெளியே சென்றுவிடுகின்றன. ஆகவே விரைந்து வளரும் மரம் விரைந்து நீர் செலவிடும் மரமாகவே பெரும்பாலும் இருக்கும். கரியைச் சேர்ப்பதற்கு மரம் கொடுக்கும் விலை நீர். இந்த ஒரு செய்தியை மனத்தில் இருத்திக்கொண்டால் பின்னர்க் கூறப்போவன எளிதில் விளங்கும்.

சேர்ந்த கரி எங்கே தங்குகிறது என்பதில் காட்டுக்குக் காடு வேறுபாடு உண்டு. அகத்தியமலை, ஆனைமலைச் சரிவுகளில் உள்ளவை போன்ற வெப்பமான தாழ்நிலை மழைக்காட்டில் உதிர்ந்த இலை சில மாதங்களில் மட்கிவிடும். கறையானும் பூஞ்சையும் நுண்ணுயிர்களும் அதனைச் சிதைத்து, கரியைக் காற்றுக்கும் சத்தை வேருக்கும் திருப்பிக் கொடுத்துவிடுகின்றன. அங்குச் செல்வம் முழுவதும் நிற்கும் மரத்திலேயே உள்ளது. அடியில் உள்ள மண் பெரும்பாலும் ஏழை மண். மரத்தை வெட்டி எரித்தால் முதல் இரண்டு மூன்று விளைச்சல் செழிப்பாக இருந்து, பின்னர் நிலம் மலடாவது இதனாலேயே. கரியை வைத்திருந்த கையே கரியை வெளிவிடும் கையாக மாறுவதும் உண்டு. அமேசானின் தென்கிழக்குப் பகுதி இன்று தான் வாங்குவதைவிட மிகுதியான கரியைக் காற்றில் விடுகிறது என்று 2021இல் வானூர்தி அளவீடுகளின் அடிப்படையில் அறிவித்தனர்.

உயரத்தில் நிலைமை வேறு. உதகையின் குளிரில் மட்குதல் மெதுவாகவே நடைபெறும். இலையும் வேரும் முற்றும் சிதையாமல் கருமண்ணாகக் கிடந்து ஆண்டாண்டாகத் திரள்கின்றன. நீர் தேங்கும் பள்ளத்தாக்குகளில் அவை இன்னும் சிதையாமல் கரிச்சேறாக அடுக்கடுக்காகப் படிகின்றன. உலக அளவிலும் இதுவே நிலை. காற்றிலும் தாவரங்களிலும் உள்ள கரியைக் கூட்டினாலும் மண்ணிலுள்ள கரி அதனைவிட அதிகம். மரத்தை மட்டும் எண்ணிக் கரிக்கணக்குப் போடுவோர் பெட்டியைப் பாராமல் சட்டைப்பையை மட்டும் தடவிப் பார்ப்பவரை ஒப்பர்.

அந்த நீலகிரிக் கரிச்சேற்றைத் தோண்டி எடுத்து ஆராய்ந்தவர்கள் நம் நாட்டு அறிவியலாரே. இந்திய அறிவியல் கழகத்தின் ஆர். சுகுமாரும் அவருடன் பணியாற்றியோரும் 1993இல் 'நேச்சர்' இதழில் தம் முடிவுகளை வெளியிட்டனர். கரியிலும் எடை கூடியது, குறைந்தது என்னும் வேறுபாடு உண்டு. நம் கேழ்வரகு, சோளம், கரும்பு ஆகியவற்றைப் போலக் குறைந்த நீரில் கரியைப் பிடிக்கவல்ல புல்வகைகளில் எடை கூடிய கரி சற்று மிகுதியாக இருக்கும். மரங்களில் குறைவாக இருக்கும். ஆகவே சேற்றின் ஒவ்வோர் அடுக்கையும் அளந்து, அக்காலத்தில் அங்குப் புல் மிகுந்திருந்ததா மரம் மிகுந்திருந்ததா என்று அவர்களால் கூற முடிந்தது. 20,000 ஆண்டு வரலாறு அச்சேற்றில் எழுதப்பட்டிருந்தது. பருவமழை வலுத்தபோது மரம் பரவிற்று. வறண்டபோது புல் பரவிற்று.

இதனால் பெறப்படும் செய்தி சிறியதன்று. சோலைகளுக்கு இடையே உள்ள புல்வெளி, யாரோ காட்டை அழித்ததால் உண்டான பொட்டல் அன்று. மாந்தர் அம்மலையில் உழுவதற்கு நெடுங்காலம் முன்பே அங்கிருந்த தொன்மையான நிலம் அது. ஆங்கிலேய அலுவலர்களும் அவர்க்குப் பின் வந்த நம் அலுவலர்களும் இதனை அறியாமல், மரம் இல்லாத இடம் வீணான இடம் என்று கருதினர். அக்கருத்திலிருந்துதான் சீகையின் கதை தொடங்குகிறது.

பஞ்சும் பாறையும்

மலையுச்சியில் புல்லும் சோலையும் சேர்ந்து நீரைக் காக்கும் முறையை ஈண்டு நோக்க வேண்டும். நீலகிரியின் அவலாஞ்சியில் 2019 ஆகஸ்டில் ஒரே நாளில் ஏறத்தாழ 90 செ.மீ. மழை பதிவாயிற்று. வேலூர் வட்டாரம் ஓராண்டு முழுவதும் பெறும் மழைக்கு அது ஏறக்குறைய ஈடு. அத்துணை மழையையும் எந்தக் காடும் தேக்கிவிட முடியாது. அன்று நிலச்சரிவும் வெள்ளமும் நேர்ந்தன. ஆனால் பருவமழையின் வழக்கமான தூறலையும் மூடுபனியையும் அந்நிலம் கையாளும் விதம் வியப்பிற்குரியது. சோலை மரங்களின் கிளைகளில் பாசியும் பன்னமும் ஆர்க்கிடுகளும் போர்த்திக் கிடக்கும். அவை மஞ்சிலிருந்தே நீரைப் பிழிந்து எடுக்கும். கீழே உள்ள மட்கு மண் அதனை உறிஞ்சும். புல்வெளியோ மழையை மண்ணுக்குள் இறக்கிவிட்டுத் தான் சிறிதளவே பருகும். உள்ளிறங்கிய நீர் மெல்ல மெல்லக் கசிந்து பள்ளத்தாக்கின் சேற்றுநிலத்தை அடைந்து, அங்கிருந்து ஓடையாகத் தொடங்கும். மழை நின்று மூன்று நான்கு திங்கள் கழிந்த பின்னரும் அவ்வோடை ஓடும். பைக்காராவும் குந்தாவும் பவானியும் கோடையிலும் உயிரோடிருப்பதன் மறைபொருள் இதுவே.

நம் பாலாற்றுக்கு அந்தப் பேறு இல்லை. கருநாடகத்து நந்திமலையில் தோன்றி, ஆந்திரத்தைத் தொட்டு, தமிழ்நாட்டில் 222 கிலோமீட்டர் செல்லும் இந்த ஆறு மழைக்காட்டில் பிறந்த ஆறு அன்று. ஏலகிரியும் ஜவ்வாது மலையும் இலையுதிர் காடுகள். அவற்றின் ஓடைகள் மழைக்காலத்தோடு முடிந்துவிடும். பாலாறு மணலுக்குள் நீரை வைத்திருந்த ஆறு. மேலே ஓடாவிட்டாலும் ஊற்றுத் தோண்டினால் நீர் கிடைத்தது. அந்த மணலையும் நாம் விட்டுவைக்கவில்லை. விளைவு, ஒன்று வெறும் ஆறு, அல்லது பெருவெள்ளம். 1903 நவம்பரில் வாணியம்பாடியைச் சூறையாடிய வெள்ளத்தைப் பற்றி முதியோர் தம் முன்னோர் வாய்மொழியாகக் கேட்டதுண்டு. 2021 நவம்பரில் இரு கரையும் தொட்டு ஓடிய வெள்ளத்தை நாமே கண்டோம்.

பட்டை வந்த வழி

தோல் பதனிடுதல் என்பது சுருங்கக் கூறின் தோலுக்குத் துவர் ஊட்டுதல். தாவரங்கள் தம்மைப் பூச்சியிலிருந்தும் விலங்கிலிருந்தும் காத்துக்கொள்ளத் தம் பட்டையிலும் காயிலும் துவர்ப்புப் பொருளைச் சேர்த்து வைக்கின்றன. அது தோலின் புரதத்தோடு பிணைந்து அதனை அழுகாமல் காக்கிறது. இப்பகுதியின் டேனரிகள் நெடுங்காலம் நம்பியிருந்தது ஆவாரம்பட்டையை. வறண்ட மேட்டு நிலத்தில் தானே முளைக்கும் செடி ஆவாரை. அதன் பட்டையைக் குழிகளில் ஊறவைத்து, வரிசையாகக் குழி மாற்றித் தோலை ஊறவிட்டு, இறுதியில் கடுக்காய்ச் சாறு ஏற்றிப் பல கிழமைகள் கழித்து எடுத்த தோல், சென்னை வழியாக இலண்டன் சந்தைக்குச் சென்றது. 'கிழக்கிந்தியத் தோல்' என்று அங்கு அதற்குத் தனிப்பெயர் இருந்தது.

ஏற்றுமதி பெருகப் பெருக ஆவாரை போதவில்லை. ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட சீகையின் பட்டையில் துவர் மிகுதி. தோலும் விரைவில் பதம் பெறும். தென்னாப்பிரிக்காவின் நேட்டாலில் அது தோட்டப் பயிராகவே வளர்க்கப்பட்டது. பட்டையாகவும் காய்ச்சிய சத்தாகவும் அது இந்தியாவுக்கு வந்தது. இந்தியரை இழிவுபடுத்திய சட்டங்களை எதிர்த்து 1946இல் இந்தியா தென்னாப்பிரிக்காவுடன் வணிகத் தொடர்பை முறித்துக்கொண்டது. அது நாட்டின் மானம் பற்றிய முடிவு, இன்றும் போற்றத்தக்கது. ஆனால் டேனரிக்குப் பட்டை வேண்டும். அந்நியச் செலாவணியும் அரிதாயிருந்த காலம். விடுதலைக்குப் பின் வந்த பத்தாண்டுகளில் அரசின் பார்வை நீலகிரியின் மேலும் பழனிமலையின் மேலும் விழுந்தது. அங்கே பத்தொன்பதாம் நூற்றாண்டிலேயே விறகுக்காகக் கொண்டு வந்து நட்ட சீகை நன்கு வளர்ந்திருந்தது. 'வெற்றுப் புல்வெளி' பரந்து கிடந்தது. தோலுக்குச் சீகையும், செயற்கைப் பட்டாலைக்கு யூகலிப்டசும் ஆயிரக்கணக்கான ஏக்கரில் நடப்பட்டன.

இதில் யாரையும் குற்றவாளிக் கூண்டில் நிறுத்த நான் விரும்பவில்லை. மரம் நட்டவர்கள் நல்லது செய்வதாகவே நம்பினர். பட்டை வாங்கியவர்கள் விலை கொடுத்தே வாங்கினர். பாட்டனாரின் பேரேட்டில் பட்டையின் எடையும் விலையும் இருந்தன. அப்பட்டையைச் செய்ய மரம் குடித்த நீருக்கு அதில் பத்தி இல்லை. எந்தப் பேரேட்டிலும் இருக்கவில்லை.

ஓடைகளுக்கு நேர்ந்தது

அந்த விடுபட்ட பத்தியை எழுதியவர்கள் உதகையிலிருந்த மத்திய மண், நீர்வள ஆராய்ச்சி மையத்தினர். கிளன்மார்கன் என்னும் இடத்தில் அருகருகே உள்ள இரு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தெரிந்துகொண்டனர். இரண்டிலும் புல்லும் சோலையும் சேற்றுநிலமும் இருந்தன. சில ஆண்டுகள் இரண்டின் ஓடைகளையும் அளந்த பின், ஒன்றை இருந்தபடியே விட்டு, மற்றதில் 59 சதவீதப் பரப்பில் 1972இல் யூகலிப்டஸ் நட்டனர். பத்தாண்டு கழித்து வெட்டினர். அடிக்கட்டையிலிருந்து தழைத்ததை மீண்டும் பத்தாண்டு வளரவிட்டனர். முதற்சுற்றில் ஓடைநீர் ஏறத்தாழ 16 சதவீதம் குறைந்தது. இரண்டாம் சுற்றில் குறைவு 25 சதவீதத்தை எட்டியது. வேர் முன்பே ஆழ ஊன்றியிருந்தமையால் இரண்டாம் தலைமுறையின் தாகம் மிகுதி. கோடையில் ஓடையை உயிர்ப்பிக்கும் அடிநீர்க் கசிவும் இதில் குறைந்தது.

அச்சோதனை யூகலிப்டசைப் பற்றியது. சீகையைப் பற்றிய சான்று நமக்கு அதனை விற்ற நாட்டிலிருந்தே கிடைக்கிறது. நிறவெறி ஆட்சி வீழ்ந்த பின் தென்னாப்பிரிக்காவின் நீர்வள அமைச்சராகப் பொறுப்பேற்றவர் இந்திய வம்சாவளியினரான காதர் அஸ்மால். அவரது காலத்தில், 1995இல், ஆற்றோரங்களில் பரவிக் கிடந்த சீகையையும் பிற அயல் மரங்களையும் வெட்டி அகற்றும் அரசுத் திட்டம் தொடங்கிற்று. வேலையற்ற ஏழைகளுக்குக் கூலி கொடுத்து மரம் வெட்டச் செய்தார்கள். அத்திட்டத்தின் பெயரே தண்ணீருக்காக உழைத்தல் என்னும் பொருளுடையது. நேட்டாலில் தோட்டம் போட்டு வளர்த்த மரத்தை, நீரைக் காக்க வேண்டி அந்நாடே வெட்ட நேர்ந்தது.

இங்கு என்ன நேர்ந்தது? 1973இல் அரைப்பதத் தோலின் ஏற்றுமதிக்கு அரசு கட்டுப்பாடு விதித்தது. முழுப்பதத் தோலுக்கும் காலணிக்கும் தொழில் மாறிற்று, குரோம் வந்தது, பட்டையின் தேவை சுருங்கிற்று. குரோமின் கழிவு பாலாற்றைச் செய்தது என்ன என்பதும், வேலூர் குடிமக்கள் நலமன்றத்தின் வழக்கில் 1996இல் உச்ச நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் நம் வாசகர் அறிந்தவை. அது வேறு கட்டுரைக்குரியது. மலையில் சீகை நின்றுவிட்டது. வெட்டுவார் இல்லாமல் தானே விதைத்துத் தானே பரவிற்று. செயற்கைக்கோள் படங்களைக் கொண்டு பழனிமலையை ஆராய்ந்து 2018இல் வெளியான ஆய்வு, 1973 முதல் நாற்பதாண்டுகளில் அங்கிருந்த புல்வெளியில் மூன்றில் இரண்டு பங்கு மறைந்துவிட்டதெனக் கூறுகிறது. மரத்தோட்டங்களும் வேளாண்மையுமே அதன் காரணங்கள்.

கரிக்கணக்கில் இதனை ஒரு நன்மையாகக் காட்ட வல்லவர் உளர். ஒரு ஏக்கர் புல்வெளியைவிட ஒரு ஏக்கர் சீகையில் தரைக்கு மேல் உள்ள கரி அதிகந்தானே என்பர். தரைக்கு மேல் என்பது மெய். ஆனால் புல்வெளியின் கரி மண்ணுக்குள் இருக்கிறது. தீயோ கோடரியோ எளிதில் எட்டாத இடத்தில் இருக்கிறது. மரத்தின் கரி ஒரு தீயில் போய்விடும். அன்றியும் அந்தக் கரிக்கு விலையாகக் கொடுத்த நீர் கீழே யாரோ ஒருவரின் குடத்துக்கு வர வேண்டிய நீர். மரம் நடுவிழாக்களில் 'எங்கெங்கும் மரம்' என்று முழங்குவோர் எந்த மரம், எந்த மண், எதை அகற்றிவிட்டு என்னும் மூன்று வினாக்களையும் கேட்பதில்லை. நானும் அத்தகைய மேடைகளில் பேசியவன்தான்.

இன்று வரும் குடிநீர்

பாலாறு கைவிட்டபின் வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி உள்ளிட்ட நகரங்களுக்கு மேட்டூரிலிருந்து காவிரிக் கூட்டுக் குடிநீர்த் திட்டம் வந்தது. மேட்டூருக்கு வரும் நீர் குடகிலும் வயநாட்டிலும் பிறக்கிறது. குடகின் மழைக்காடு காவிரியையும், வயநாட்டின் மலைகள் கபினியையும் தருகின்றன. (நீலகிரியின் பவானி மேட்டூர் அணைக்குக் கீழேதான் காவிரியில் கலக்கிறது, ஆகவே அந்நீர் நமக்கு வருவதில்லை. ஈரோட்டுக்கும் தஞ்சைக்கும் அது போகிறது.) ஒரு காலத்தில் மேற்கு மலையின் பட்டை லாரியில் நம் ஊருக்கு வந்தது. இப்போது மேற்கு மலையின் நீர் குழாயில் வருகிறது. தெருக்குழாயடியில் குடத்தோடு நிற்கும் பெண்மணிக்கும், பள்ளிவாசலில் ஒளுச் செய்ய அமரும் முதியவருக்கும் குடகின் சோலை ஏதோ ஓர் அயல்நாட்டுச் செய்தி அன்று.

சீகையை அகற்றும் முயற்சி இப்போது நடைபெறுகிறது. சென்னை உயர் நீதிமன்றம் அயல் மரங்களை அகற்றுமாறு பலமுறை ஆணையிட்டுள்ளது; தமிழ்நாடு அரசும் 2022இல் இதற்கெனக் கொள்கை வகுத்தது. வெட்டிவிட்டால் முடிந்தது என்று எண்ணுவதற்கில்லை. சீகையின் விதை மண்ணுக்குள் பல பத்தாண்டுகள் உயிரோடு உறங்கும். மரத்தை வெட்டி வெயில் பட்டாலோ தீ பட்டாலோ ஆயிரக்கணக்கில் முளைத்துவிடும். ஒவ்வோர் ஆண்டும் கையால் பிடுங்கிக்கொண்டே இருக்க வேண்டும். புல்லையும் நாற்றுவிட்டு நட வேண்டும். இன்னொரு சிக்கலும் உண்டு. முதிர்ந்த சீகையின் நிழலில், பறவைகள் கொண்டுவந்து போட்ட விதைகளிலிருந்து சோலை மரக் கன்றுகள் சில இடங்களில் தாமே முளைத்து நிற்கின்றன. அங்கு மரத்தை ஒரேயடியாக வெட்டினால் கன்றும் போய்விடும். புல்வெளியாக இருந்த இடத்தில் வெட்டாமல் விட்டால் புல் வரவே வராது. எந்த இடத்தில் எதைச் செய்வது என்று ஒவ்வொரு சரிவாகப் பார்த்தே முடிவு செய்ய வேண்டும் என்கின்றனர் அங்குப் பணியாற்றுவோர்.

அன்று சுற்றுலா முடிந்து புறப்படும் முன் அவ்வனக்காவலர் சாலையிலிருந்து சற்றுத் தள்ளி எங்களை அழைத்துச் சென்றார். சீகை மரங்களின் அடியில், முழங்கால் உயரத்தில், தடித்த கரும்பச்சை இலைகளோடு ஒரு கன்று நின்றது. அதன் பெயரைச் சொன்னார், நான் குறித்துக்கொள்ளவில்லை. "இதுதாங்க சார் சோலை" என்றார்.